தாய்மாமன் மடி

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். வேகத்தடையில் பஸ் குதித்ததும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“காலையில போட்ட பெரிய மாத்திர கேக்கலியா? வலி மீறுனா போடச் சொன்ன சின்ன மாத்திரய இப்ப போடுங்க,” என்றாள் மனைவி.

“இப்ப போட்டா மறுபடி போட நாலு மணி நேரம் ஆவணும். காது குத்தறப்ப புள்ள மடியில கெடந்து ஒதைப்பானே.”

“ஒதைக்கட்டும். தாய்மாமனுக்கு அதான் மரியாத.”

அவர் சிரிக்கவில்லை.

“இடுப்பு இப்பிடி இருக்குதுன்னு ஒங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா வேற மடி தேடுவா.”

அவள் நாத்தனாருக்குச் சீராக எடுத்த புதுப்புடவையைப் பையிலிருந்து உருவி, மடித்து, அவர் இடுப்புக்கு அணைவாக வைத்தாள்.