அறுநூறு தாள்களில் அடிக்கப்பட்ட வரி

2009ஆம் ஆண்டு ஜூலை 22, புதன்கிழமை. காலை 5.52க்கு மாமல்லபுரத்துக்கு வடக்கே மணிமேட்டுக்குப்பத்தில், ஒரு பகுதி மறைந்த சூரியன் கடலுக்கு மேல் எழுந்தது. ஊரின் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் அறுபத்தெட்டு பூட்டியிருந்தன.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வானத்தை வண்டியிலேற்றி, செங்கற்பட்டுச் சந்தைகளுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் கொண்டுசென்ற வித்தகரே! வினவிய வாய்களை வெறுக்காத விளக்குநரே! அறிந்ததை அளவோடும், அறியாததை அச்சமின்றியும் அவை நடுவே அறிவித்த அன்பரே! எங்கள் நடமாடும் அறிவியல் ஊர்தியின் நாவே! திரு. பூவராகவன் ஐயா அவர்களே, வணக்கம்!

பணிநிறைவு வாழ்த்துமடல் மரபுப்படி இதை உங்களை நோக்கியே வாசிக்க வேண்டும். ஆனால் உங்கள் முகம் பார்த்து உங்கள் கதையைச் சொன்னால், தேதி தவறு, நேரம் தவறு என்று நடுவிலேயே கையை உயர்த்துவீர்கள். ஆகவே சிறிது நேரம் உங்களை ‘அவர்’ என்று குறிப்பிட்டு, அவையோரை நோக்கிச் சொல்ல அனுமதி கோருகிறோம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்குமாறும் வேண்டுகிறோம்.

1977இல் அவர் நம் நடமாடும் அறிவியல் மையத்தில் சேர்ந்தார். ஊர்தியில் ஒரு தொலைநோக்கி, ஒன்பது கிரகங்களின் துணிப்படங்கள், ஓர் ஒலிபெருக்கி. ஊருக்கு ஊர் கூட்டம் கூடும். கூடிய கூட்டத்தில் பாதி அவரை மடக்கவே வந்திருக்கும். கருங்குழியில் ஒருவர், “நிலாவுல மனுசன் நடந்தத நீ நேர்ல போய்ப் பாத்தியா?” என்று கேட்டார். நாவலூரில் 2006இல், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்த கணினி நிறுவன இளைஞர் ஒருவர், “புளூட்டோ ஒன்பதாவது கிரகம்னு எழுதி மார்க் வாங்கினேன் சார். இப்ப கிரகமே இல்லைங்கறீங்க. மார்க்கத் திருப்பிக் கொடுக்கணுமா?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். பூவராகவனும் கைதட்டினார். “மார்க்க நீங்களே வச்சுக்குங்க. புதுப் படம் கேட்டு நானும் எழுதிப் போட்டிருக்கேன், இன்னும் வரல” என்றார்.

பதில் தெரியாத கேள்விக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “தெரியாது.” சுற்றி வளைக்க மாட்டார், மேலே கையைக் காட்டமாட்டார். சில ஊர்களில் அவருக்கு ‘தெரியாது சார்’ என்றே பெயர். ஒலிபெருக்கியில் இப்படிச் சொல்வது மையத்துக்கு அழகில்லை என்று மேலதிகாரிகள் சொன்னதுண்டு. நாங்களும் சொன்னதுண்டு. அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மணிமேட்டுக்குப்பத்துக்கும் அவருக்கும் வழக்கு தொடங்கியது 1998 நவம்பரில். 17ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் விண்மீன்கள் மழைபோல் உதிரும் என்று உலகத்து வானியலார் கணித்திருந்தார்கள். அதை நம்பி அவர் குப்பத்து மக்களைக் கடற்கரையில் கூட்டினார். ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்த வேளையிலும் வானம் மேகமின்றித் தெளிந்து கிடந்தது. விடியும்வரை விழுந்தவை ஐந்தோ ஆறோ. மீன் விற்கும் பார்வதம் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“இன்னா சார், மழைன்னு சொன்ன, தூத்தலக் கூடக் காணும்?”

பக்கத்திலிருந்த அவருடைய மகன் லோகு சிரித்தார். “அது வந்துட்டுப் போய்ட்ச்சி சார். நேத்து விடியங்காட்டி கடல்ல இருந்தோம். தீவட்டியத் தூக்கி வீசுனா மாரி ஒண்ணு பின்னால ஒண்ணு. வலைய வுட்டுட்டு வாயப் பொளந்துகினு பாத்துகினு இருந்தோம்.”

“கேட்டுக்கோ” என்றார் பார்வதம். “ஆகாசத்தையே அளந்து வெச்சிகிறவங்களாம். எம்புள்ள கண்ணுக்குத் தெரிஞ்சது ஒன் கொழாய்க்குத் தெரில.”

ஊர்தி ஓட்டுநர் ஜானகிராமன், எங்கேயாவது பார்த்த மின்மினியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். பூவராகவன் அவரைத் தடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். எந்தத் திசை, எத்தனை மணி, எத்தனை என்று லோகுவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து விவரம் தெரிந்தது. கணித்த நேரத்துக்குப் பதினாறு மணி நேரம் முன்பே அந்த வேடிக்கை உச்சத்தைத் தொட்டிருந்தது. பல நாட்டு வானியலாரும் ஏமாந்திருந்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும்படி அவரை யாரும் பணிக்கவில்லை. ஒரு விடுப்பு நாளில் பேருந்து ஏறிப் போய், மீன் ஏலம் விடும் இடத்தில் நின்று சொன்னார்: “லோகு பாத்ததுதான் சரி. நாங்க சொன்னது தப்பு.”

“இத்தச் சொல்லவா பஸ்ஸு புடிச்சி வந்த? வூட்ல ஒனக்கு வேலையே குடுக்கறதில்லையா?” என்று கேட்ட பார்வதம், ஒரு கூறு நெத்திலியைக் காகிதத்தில் கட்டி அவர் கையில் திணித்தார். சுத்த சைவரான அவர், அதைச் செங்கற்பட்டு வரை மடியில் வைத்துக்கொண்டு வந்து ஜானகிராமனிடம் சேர்த்தார். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்ததாம்.

2004 டிசம்பர் 26 பற்றி இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் ஊர்தி குப்பத்துக்குப் போனபோது யாரும் அருகே வரவில்லை. பார்வதம் மட்டும் வந்து நின்றார். “எங்கியோ கீற கெரகத்துல தண்ணி கீதான்னு தேடிகினு கீறீங்க. இங்க கீற தண்ணி எப்ப எழுந்து வரும்னு சொல்ல ஒருத்தன் இல்ல.”

“ஆமாம்மா. சொல்லல” என்றார் பூவராகவன். அன்று அவர் ஒலிபெருக்கியை எடுக்கவில்லை.

இந்த ஆண்டு ஜூலையில் கடற்கரையெங்கும் ஒரு பேச்சு பரவியது. 22ஆம் தேதி கிரகணத்தன்று கடல் மறுபடியும் பொங்கும் என்றார்கள். நம் மையம் அறுநூறு துண்டறிக்கைகள் அச்சிட்டது. ‘அன்று கடலால் எந்த ஆபத்தும் நேராது என விஞ்ஞானிகள் உறுதி கூறுகின்றனர்’ என்பது அதன் மூன்றாவது வரி. பூவராகவன் அந்த வரியை அடித்துவிட்டு, ‘கிரகணத்தால் கடல் பொங்காது. நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்தால் எச்சரிக்கை செய்ய இப்போது ஏற்பாடு உண்டு’ என்று கையால் எழுதினார். அறுநூறு தாளிலும் எழுதினார். இரண்டு நாள் ஆயிற்று. அலுவலக உதவியாளர் ஸ்ரீதேவி, “ஒரு நோட்டீசுக்கு இவ்வளவா சார்? யாரு படிக்கப் போறாங்க?” என்று கேட்டார். “படிக்கத் தெரியாதவங்க படிக்கச் சொல்லிக் கேப்பாங்கம்மா” என்றார். நாங்கள் சிரித்தோம்.

கிரகணம் முடியும் வரை குப்பத்திலேயே இருப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். 22ஆம் தேதி ஐந்தேகாலுக்கே ஊர்தி அங்கே நின்றது. ஊரிலிருந்த ஆட்டோக்கள் எல்லாம் முந்தின நாளே சனங்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றத்துப் பக்கம் போய்விட்டன. பார்வதம் வீட்டார் போகவில்லை. லோகுவின் மனைவி பொன்னிக்கு மாதம் நிறைந்திருந்தது. கிரகணம் முடியும் முன் நிறைசூலி வாசலைத் தாண்டக் கூடாது என்பது பார்வதத்தின் முடிவு.

பொன்னிக்கு இரவெல்லாம் வலி. ஐந்து மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. லோகு ஆம்புலன்சை அழைக்கக் கைப்பேசியை எடுத்தபோது, பார்வதம் அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொன்னியின் முதல் குழந்தை அந்த வீட்டில் மூச்சில்லாமல் பிறந்தது. இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் உள்ளே இருந்தவர் வெளியே நின்றவர் எல்லாருடைய பயமும். எதைச் செய்தால் பிழைக்கும் என்பதில்தான் சண்டை.

லோகு ஓடிவந்து ஊர்தியின் கதவைத் தட்டினார். பூவராகவன் வாசலுக்குப் போனபோது வெயில் மங்கலாக விழுந்துகொண்டிருந்தது. பார்வதம் கதவை அடைத்து நின்றார். கையில் துண்டறிக்கை.

“இத்த நேத்து படிக்கச் சொல்லிக் கேட்டேன். அடிச்சிட்டு எழுதிகிற. முன்ன இன்னா போட்டிருந்துது?”

“ஒரு ஆபத்தும் வராதுன்னு உறுதி சொல்றோம்னு இருந்துதும்மா.”

“அத்த ஏன் அடிச்ச?”

“உறுதியா எனக்குத் தெரியாதே.”

“அப்ப இன்னிக்கு அலை வருமா, வராதா?”

“கிரகணத்தால வராது. பூமி நடுங்கினா எந்த நாளும் வரலாம். இன்னிக்கு வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

உள்ளே பொன்னி அலறினார். லோகு, “எம்மா, பேசிகினே நிக்கிறியே” என்று தலையில் அடித்துக்கொண்டார். பார்வதம் அசையவில்லை.

“கெரகணத்துல வெளிய வந்தா ஒதடு பொளந்து பொறக்கும்னு சொல்றாங்க. அது தெரியுமா, தெரியாதா? மொத புள்ளைய மண்ணுல வெச்சிட்டு வந்தவ நானு. பாத்துச் சொல்லு.”

1998இல் கடற்கரையில் நின்ற நிற்பு அப்போது நினைவுக்கு வந்ததாகப் பூவராகவன் பின்னர் ஜானகிராமனிடம் சொன்னார். அன்றும் தெரியும் என்றுதான் சொல்லியிருந்தார். தான் சொல்லப்போகும் சொல்லை ஒருமுறை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

“தெரியும்” என்றார். “உதடு மூணாம் மாசத்துக்குள்ளயே உருவாகி முடிஞ்சிடும்மா. இன்னிக்கு இருக்கற சூரியன் அதை ஒண்ணும் பண்ணாது. தண்ணிக்குடம் உடைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. வீட்டுக்குள்ள வச்சிருக்கறதுதான் ஆபத்து. இது எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

பார்வதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அலைக்கும் சத்தியம் பண்ணியிருந்தன்னா தொரத்தி வுட்டிருப்பேன். சத்தியம் பண்றவனுங்கள மார்க்கெட்டுல தெனம் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவிலிருந்து விலகினார். உடனே திரும்பி, “ஆனா புள்ள மேல வெளிச்சம் படக் கூடாது. ஒன் வண்டி பூரா கண்ணாடியா கீது” என்றார்.

பூவராகவன் வாதாடவில்லை. ஊர்தியில் ஏறி, துணிப்படங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஜன்னல்களில் தொங்கவிட்டார். வலப்பக்கம் வியாழனும் சனியும், இடப்பக்கம் செவ்வாயும் பூமியும், பின் கண்ணாடிக்குப் புளூட்டோ. பொன்னியைத் தலையோடு போர்த்தித் தூக்கி வந்தார்கள். பார்வதம் ஏறி, மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணாத்த, பள்ளம் பாத்து ஓட்டு” என்று ஜானகிராமனுக்கு உத்தரவிட்டார். 6.10க்கு ஊர்தி திருக்கழுக்குன்றம் அரசு மருத்துவமனையை நோக்கிப் புறப்பட்டது.

மருத்துவமனை வாசலில் நின்ற ஊர்தியை யாரோ படம் எடுத்துவிட்டார். அறிவியல் ஊர்தியில் கிரகணத்துக்குத் திரை கட்டி, மூடநம்பிக்கைக்குத் துணைபோனது ஏன் என்று மறுநாளே அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் எழுதிக் கொடுத்த விளக்கம் இது: ‘திரை கேட்டார்கள். இருந்தது. கட்டினேன்.’ அந்தக் கோப்பு நேற்று முடித்து வைக்கப்பட்டது.

ஐயா, இனி உங்களையே நோக்கிப் பேசுகிறோம். விண்ணைப் பற்றி விஞ்ஞானிக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களிடம் நீங்கள் ஒருநாளும் வெற்றி பெற முயன்றதில்லை. அறுநூறு தாள்களைக் கண்டு நாங்கள் சிரித்த சிரிப்புக்காக இந்த அவையில் வருந்துகிறோம். உங்கள் கண்ணும் காலும் களைப்பறியாதிருக்கட்டும்! துணைவியார் ரத்னா அம்மையாருடன் நோயின்றி, குறையின்றி, நூறாண்டு நிறைந்து வாழ்க! வானம் தெளிந்த மாலைகளில் மையத்துக்கு வந்து எங்கள் பேச்சையும் திருத்துக!

விளக்கக் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டதை இங்கே எழுதிச் சேர்க்கிறோம். ஜூலை 22, காலை 6.57க்கு, திருக்கழுக்குன்றம் அரசு மருத்துவமனையில் பொன்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ எழுநூறு கிராம். உடற்குறை எதுவும் இல்லை. கிரகணம் 7.20க்கு முடிந்தது. தாயும் சேயும் 25ஆம் தேதி வீடு திரும்பினர்.

செங்கற்பட்டு
31.7.2009

உடன் பணியாற்றிய பேறு பெற்ற
நடமாடும் அறிவியல் மைய ஊழியர்கள்