ஓர் அழுத்து என்றால் சரி

வீக்கத்துக்கு உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைப் போல நல்ல மருந்து வேறு கிடையாது. ஐஸ்கட்டி குத்தும். பட்டாணி மூட்டின் வளைவுக்கு ஏற்றபடி தானாகப் படிந்துகொள்ளும். வயதான எந்த மல்யுத்தக்காரன் வீட்டிலும் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள், சமைக்கவே போகாத பட்டாணி ஒரு பொட்டலமாவது இருக்கும். மேடையில் ஃபெலெட்டி கையை அழுத்தினானா இல்லையா என்று விசாரணை அதிகாரியான நீங்கள் கேட்டீர்கள். அதற்கான பதில் இந்தப் பட்டாணியில்தான் தொடங்குகிறது. எதையும் முதலிலிருந்து சொல்லவேண்டும் என்று ப்ராசர்பைன் பள்ளியில் எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். அப்படியே சொல்கிறேன்.

ஃபெலெட்டியும் நானும் மேடையில் எதிரிகள். மக்கை, போவன், டவுன்ஸ்வில் என்று கரும்பு ஊர்கள் எல்லாவற்றிலும் அவன் நல்லவன், நான் கெட்டவன். போவதும் வருவதும் ஒரே காரில். டோங்கா தீவில் பிறந்தவன் அவன். என்னைத் ‘தோக்கோ’ என்றுதான் கூப்பிடுவான். அவர்கள் பேச்சில் உடன்பிறந்தவன் என்று பொருள். எங்கள் தொழிலில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்போம். வலி மட்டும் பேசிவைத்ததல்ல. அவன் மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பாய்வான், நான் கீழே நின்று மார்பில் வாங்குவேன். பார்க்கிறவர்களுக்கு அது அடி. பாய்கிறவனோ தன் கழுத்தை எதிரியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பாய்கிறான்.

ஏர் என்ற ஊரில் ஒருமுறை அவன் கால் வழுக்கிக் கோணலாகப் பாய்ந்தான். நான் ஓரடி தள்ளிப் போய் அடியில் புகுந்துகொண்டேன். அவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. என் வலது முட்டி போய்விட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், என் மேல் உருளை வறுவலை வீசினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கெட்டவன்தானே. அதன்பிறகு நான் நடுவரானேன். அவன் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவன் மனைவி நொலீன் அவன் பின்னால் நின்று, பட்டாணிப் பொட்டலத்தை ஒரு துணியில் சுற்றி அவன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டே பேசுவாள். இடது தோள் ராக்ஹாம்ப்டனில், விலா கெய்ர்ன்ஸில், காது சூவாவில் என்று அவன் அடிபட்ட இடமெல்லாம் அவளுக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி மனப்பாடம்.

ஒருநாள் நானும் நொண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

“வந்துட்டாருய்யா வானிலை அதிகாரி. முட்டி என்ன சொல்லுது தோக்கோ, மழை வருமா?” என்றான் ஃபெலெட்டி.

“சும்மா இரு, அவனப் போட்டு வாராத,” என்றாள் நொலீன். பிறகு என்னிடம், “டெஸ், கீழ்த்தட்டுல சோளம் இருக்கு பாரு, எடுத்து வச்சுக்கோ.”

எடுத்து வைத்துக்கொண்டேன். சோளமும் பரவாயில்லை. நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது, நொலீன் மேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. அந்தப் பொட்டலத்தை அவள் அழுத்திப் பிடித்திருந்த விதத்தைத்தான் சொல்கிறேன்.

போன வருடம் அவன் கழுத்தெலும்பு தேய்ந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். தலைகீழாக ஒருமுறை விழுந்தால் போதும் என்றார். போவனில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நிறுத்திக்கொள்வதாக நொலீனுக்குச் சத்தியம் செய்தான். அன்றைக்குக் கொட்டகை வாசலில் அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வாயால கேட்டா பொய் சொல்லுவான் டெஸ். கையப் புடிச்சுப் பாரு. அழுத்தலன்னா நிறுத்திடு. என்ன கத்தினாலும் நிறுத்திடு.”

“நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

எங்கள் வழக்கம் அது. ஒருவன் விழுந்து கிடந்தால் நடுவர் குனிந்து அவன் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்துவார். அவன் திருப்பி அழுத்தினால் சரி, ஆட்டம் தொடரும். அழுத்தாவிட்டால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போலக் குறுக்காகத் தூக்குவார். அதைப் பார்த்ததும் எல்லாம் நின்றுவிடும். ஜனங்களுக்கு இது தெரியாது. எங்களுக்கு வேதம்.

ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் எல்லோரும் கூடி ரொட்டியில் சாசேஜ் வைத்துச் சாப்பிட்டோம். ஃபெலெட்டி பெஞ்சின்மேல் ஏறி நின்று பேசினான். நொலீனுக்கு நன்றி சொன்னான். பிறகு என்னைக் கைகாட்டினான்.

“இந்தக் கெழட்டு நொண்டி இல்லேன்னா நான் இல்ல. என்னை ஏந்தி, தன்னோட இடது முட்டிய எனக்குக் குடுத்தவன்!”

எல்லோரும் கைதட்டினார்கள். என் முட்டி வலது. நொலீனைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எதிராளி கோஸ்டா. நல்ல பையன், கவனமானவன். பாதி ஆட்டத்தில் அவன் தூக்கிப் போட்டபோது ஃபெலெட்டியின் வியர்வை வழுக்கி, தலை முதலில் தரையில் பட்டது. நான் குனிந்து கையைப் பிடித்தேன். என் உள்ளங்கையில் அது சூடாக, கனமாகச் சும்மா கிடந்தது. அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். அவன் கண் என்னைப் பார்த்தது. உதடு தோக்கோ என்பதுபோல் அசைந்தது.

அப்போது நான் நினைத்ததை அப்படியே சொல்கிறேன். இப்போது கைகளைத் தூக்கினால் கொட்டகையே எழுந்து நிற்கும், நொலீன் ஓடிவருவாள், இந்த ஊரின் பெயரும் அவள் மனப்பாடத்தில் சேரும். அவனுக்குத்தான் ஏற்கெனவே அத்தனை காயம் இருந்ததே.

கோஸ்டா பின்னாலிருந்து கிசுகிசுத்தான். “டெஸ், என்ன ஆச்சு? நல்லா இருக்காரா?”

“அழுத்திட்டான். முடிச்சுடு.”

பேசிவைத்தபடி கோஸ்டா அவனைத் தூக்கினான், பேசிவைத்தபடி போட்டான். நான் தரையைத் தட்டி மூன்று எண்ணினேன். அதற்குப் பிறகுதான் கைகளைக் குறுக்காகத் தூக்கினேன். தூக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் விழுதலிலேயே கழுத்து முறிந்திருக்கும் என்று ஒரு மருத்துவர் சொன்னார். இல்லை, இரண்டாவதில்தான் என்றார் இன்னொருவர். முதலாமவர்தான் எனக்கு அனுபவசாலியாகத் தெரிந்தார்.

கோஸ்டா மேடையை விட்டுவிட்டுக் கரும்பு லாரி ஓட்டுகிறான். அடிக்கடி போன் செய்வான்.

“டெஸ், உண்மையச் சொல்லுங்க. அவர் அழுத்துனாரா?”

“அழுத்தினான்பா. நீ போய்த் தூங்கு.”

அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் அது அவன்மேல் பழியாய் விடிந்துவிட்டது. சரியாக இருந்தவனைத் தான்தான் முடக்கிவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறானாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரோ எடுத்த வீடியோவை நீங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தீர்களாமே. விரல்கள் விரிந்துதான் கிடந்தன. அவன் அழுத்தவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

ஃபெலெட்டிக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. பேச்சு இருக்கிறது. அன்றைய நினைவு மட்டும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன். நொலீன் அவனுக்கு ஊட்டிவிட்டு, தலை வாரிவிடுகிறாள். அதைப் பார்க்க இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பட்டாணிக்கு அந்த வீட்டில் இப்போது வேலை இல்லை. போன மாதம் நான் நொண்டுவதைப் பார்த்தவள், தானே பொட்டலத்தை எடுத்துவந்து என் முன்னால் மண்டியிட்டாள். “வலதுதானே?” என்றாள். வெகுநேரம் பிடித்திருந்தாள்.

ஃபெலெட்டி சக்கர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் அழுத்தினேன்ல, தோக்கோ?”

“அழுத்தினே.”

“அப்ப உன் மேல தப்பில்ல. நான்தான் வீம்பு புடிச்சவன்.”

நேற்று உங்களிடம் வருவதற்கு முன் அவன் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டு, நடந்தது எல்லாவற்றையும் மனதுக்குள் அவனிடம் சொன்னேன். அவனுக்கு என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் கையை இழுத்துக்கொண்டிருப்பான்.