கோட்டைக் கதவைத் திறந்த திருடன்

மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில், படகு டிக்கெட்டுக்கான ஆண்கள் வரிசை ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. பெண்கள் வரிசையில் கூட்டமே இல்லை. அங்கே நின்ற பெண் கம்பிக்கு மேலாகச் சொன்னது எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது.

"அண்ணா, நான் உசிரோட விட்ட திருடன் நேத்து வந்து கோட்டைக் கதவைத் திறந்துட்டான்!"

எனக்கு முன்னால் நின்றவன் திரும்பினான். "எந்தத் திருடன்டி?"

"வீடியோ கேமோட முதல் பாகத்துல பிடிபட்டானே, அவன்தான். கொல்றியா, விடறியான்னு கேட்டுச்சு. நீ கொன்னே. நான் விட்டதுக்கு வீட்ல எல்லார் முன்னாடியும் மண்டூன்னு சொன்னே."

"ரெண்டாம் பாகத்துலயும் வர்றானா?"

"முதல் பாகத்துல நாம செஞ்சதையெல்லாம் கேம் ஞாபகம் வச்சிருக்குல்ல! நீ ஒரு வாரமா முட்டிக்கிட்டு நிக்கிற அதே கதவு. உள்ள போயி ராஜ்ஜியத்தையே பிடிச்சாச்சு!"

எங்கள் வரிசை அசையவில்லை. அவளோ கவுண்டருக்கே போய்விட்டாள்.

"எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுடி," என்றான் அவன்.

"அவனை விட்டது சரிதான்னு சொல்லு."

"சரிதான்."

"சத்தமா."

"சரிதான்டி, தாயே!"

வரிசையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் விடுவதாக இல்லை.

"வீட்டுக்குப் போனதும் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"செத்தவன்கிட்ட எப்படிடி கேக்கறது?"

"உன் கேம்லதான் செத்தான். என் கேம்ல இப்ப தளபதி."

சொல்லிவிட்டு, கவுண்டர் பக்கம் குனிந்தாள்.

"சேட்டா, எறணாகுளம் ரெண்டு."