டாக்டர் சொன்னதே சரி

“டீயில சர்க்கரை வேண்டாம்னு சொன்னேனே சார். பரவாயில்லை, வைங்க. விரல் ஆடுறதைப் பார்க்காதீங்க, பயமெல்லாம் இல்லை. போன் கையில இல்லாட்டி இப்படித்தான்.”

எங்கே விட்டேன்? வாக்குவாதம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஒருவர் தவறாக எழுதியதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். தொழில் அப்படி. வீட்டுச் சாதனங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்க்கிறேன். யாரும் படிக்காத எச்சரிக்கைகளை ஒரு வரி விடாமல் படித்தவன் நான்.

எங்கள் குடியிருப்புக்குப் போனில் ஒரு குழு உண்டு. லிஃப்ட் நின்றாலும் குழாய் ஒழுகினாலும் சண்டை அதில்தான். எனக்கு நேர் மேல்வீட்டில் ஒரு பல் டாக்டர். குளிர் தொடங்கியதும் அவர் ஒரு படம் போட்டார். குளியலறை கேஸ் ஹீட்டருக்கு மேலே இருக்கும் காற்றுத் துளையை அட்டை வைத்து, டேப் ஒட்டி அடைத்திருந்தார். ‘குளிர் காத்துக்கு டாட்டா. எல்லாரும் செய்யலாம்.’

அடைக்கக் கூடாது, விஷவாயு தங்கிவிடும், அதற்கு வாசனைகூடக் கிடையாது என்று எழுதினேன். மரியாதையாகத்தான்.

‘வந்துட்டாருய்யா கையேடு’ என்று பதில் போட்டார். ‘ஹீட்டர் வாங்கினா இவரையும் டப்பாவுல வெச்சுத் தர்றாங்க போல.’

கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அதில் என் மைத்துனியும் ஒருத்தி. மறுநாள் லிஃப்டில் ஒரு பெரியவர், “என்ன கையேடு, எந்த பட்டனை அமுக்கணும்?” என்றார். நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்தேன். எழுதினேன், அழித்தேன், எழுதினேன். மேலே அவர் நடக்கும் சத்தம்கூடச் சிரிப்பாகவே கேட்டது.

“அவருக்கு மூச்சு முட்டினா உங்களுக்கென்னங்க? சாப்பாடு ஆறுது, வாங்க” என்றாள் என் மனைவி.

அப்போதுதான் டாக்டரின் மனைவியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. ‘அண்ணா, நான் மேல்வீடு. அவர் டேப்பை எடுக்க மாட்டேங்கிறார். எனக்குக் குளிக்கப் போகவே பயமா இருக்கு. நிஜமாவே ஆபத்தா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நானே கிழிச்சுப் போட்டுடுறேன்.’

நல்ல பெண். அந்தச் சிரிப்பில் சேராத ஓரிருவரில் ஒருத்தி.

நிதானமாக யோசித்தேன். டேப்பைக் கிழித்துவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் டாக்டர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். நான் சொன்னதற்கு ஆதாரமே இருக்காது.

‘பயப்படாதேம்மா. டாக்டர் சொன்னதே சரி. ஜன்னலையும் நல்லா சாத்திக்கோ, குளிராது.’

‘தேங்க்ஸ் அண்ணா. இப்பதான் நிம்மதி.’

மறுநாள் காலை டாக்டர் வேலைக்குக் கிளம்பிப் போனார். மேல்வீட்டில் தண்ணீர் திறந்தால் எங்கள் சுவரில் சத்தம் கேட்கும். அன்று திறந்த தண்ணீர் நிற்கவே இல்லை. மாடிப்படி பக்கத்தில்தான். நான் போகவில்லை. குழுவில் நான் எழுதிய எச்சரிக்கையைத் திறந்து, எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதைத் தேடி எடுத்துப் படிக்கப்போகும் நாள் அல்லவா?

அந்தப் பெண்ணின் போனில் நீங்கள் பார்த்த செய்தி என்னுடையதுதான். தெரிந்தேதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குழுவில் நான் எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யாரையும் ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

“சார், என் போனை ஒரே ஒரு நிமிஷம் காட்டுங்களேன். தொடக்கூட மாட்டேன், நீங்களே பிடிச்சுக்குங்க. டாக்டர் அந்தக் கையேடு கமென்ட்டை எடுத்துட்டாரான்னு மட்டும் பார்த்துக்கிறேன்.”