மறைந்தவர்: ஆம்

நான் காபி குடிப்பதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். குடித்தால் வயிறு கடமுடா என்கிறது. உங்கள் கான்ஸ்டபிளுக்கே கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன், நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

நான் விக்னேஷ். இந்த ஊரில் ஒரு பட்டுக்கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஜாவாவில் எழுதியது. எழுதியதையே திரும்ப எழுதுவது எனக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு புடவைப் பக்கத்திலும் வருகிற நெசவாளர் படத்தை ஒரு சின்னத் துண்டுப் பக்கமாகத் தனியே செய்து வைத்தேன். புடவைப் பக்கம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கும்போதே பெயர், ஊர், மறைந்தவரா இல்லையா என்கிற விவரங்களைக் கொடுத்தனுப்பும். அவற்றைத்தான் பாராமீட்டர் என்போம். 'மறைந்தவர்: ஆம்' என்று அனுப்பினால் படத்துக்குச் சந்தன மாலை விழும், கீழே 'கடைசிப் புடவை' என்று வரும். முனிரத்தினம் என்ற நெசவாளர் தவறியபோது செய்த ஏற்பாடு. அவர் புடவை அன்றைக்கே விற்றுப்போனது.

ஓரிக்கையில் இருக்கும் நெசவாளர் வேலாயுதத்தின் புடவை மட்டும் விற்கவே இல்லை. நல்ல மனிதர். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கடைக்கு வரும்போதெல்லாம் என் மேசையருகே வந்து நிற்பார்.

"ஏம்பா, எல்லார்துந்தான் போவுது. என்னுது மட்டும் அப்டியே குந்திக்கினு இருக்குதே?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கு 'ஆம்' என்று அனுப்பினேன். மதியத்துக்குள் புடவை போய்விட்டது.

ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. கோர்வைப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். தறியில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளவேண்டும். வேலாயுதத்துக்கு அவர் மனைவி தில்லையம்மாள்தான் துணை. அதனால் அவர் துண்டுப் பக்கத்துக்குள்ளேயே துணையாளுக்கு இன்னொரு துண்டு வைத்திருந்தேன். வெளித் துண்டுக்குக் கொடுத்த பாராமீட்டர், தனியாக வேறு கொடுக்காவிட்டால், உள்துண்டுக்கும் போய்ச் சேரும். தில்லையம்மாளுக்கும் மாலை விழுந்துவிட்டது. தம்பதியாகப் போனவர்கள் என்றதும் அடுத்த கடைசிப் புடவைக்கு அடிதடி. அதற்கடுத்த கடைசிப் புடவைக்கும் அப்படியே. நானும் மாலையைக் கழற்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர்கள் மகள் துர்காதேவிக்கு ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தளத்தில் அந்தப் புடவைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனில் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். போனை எடுத்ததே வேலாயுதம்தான். தான் உயிரோடு இருப்பதாக அவர் எவ்வளவோ சொல்லியும், பக்கத்தை மாற்றிக் காட்டினால்தான் வருவோம் என்று வைத்துவிட்டார்களாம்.

"எங்கள உயிரோட போட்டுடு தம்பி," என்றார் தில்லையம்மாள். "பொண்ணு காலையிலருந்து அழுதுக்கினே இருக்குதுப்பா."

திங்கட்கிழமை வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். எனக்கும் கண் கலங்கியது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பக்கம் ஒன்று சொல்கிறது, ஆட்கள் வேறு மாதிரி இருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இன்றைக்கே சரிசெய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

இருட்டுவதற்கு முன் ரோஸ்மில்க் வாங்கிக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன். துர்காதேவி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் படம் புடவைப் பக்கத்தில் இல்லை, அதனால் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ரோஸ்மில்க்கில் என்ன கலந்தேன் என்பது உங்கள் அறிக்கையிலேயே இருக்கும். இருவரும் என்னை வாழ்த்திவிட்டுத்தான் குடித்தார்கள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றியிருந்தால் போதாதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். போதும், மேடம். அரை நிமிஷ வேலை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடிக்கொண்டிருக்கிற தளத்தில் கை வைத்தால், எங்காவது ஏதாவது உடைந்து, சனி ஞாயிறு முழுக்க யாராவது கஷ்டப்படுவார்கள். அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன்.