சாயாத கம்பம்

அந்தக் கதைய நானே பல வருசமா நம்பலண்ணே. அதச் சொல்லத்தான் கொட்டாம்பட்டியிலருந்து மூணு பஸ் மாறி வாரேன். கறியெல்லாம் வேணாம். நீங்க பாட்டுக்கு வெட்டுங்க, நான் ஓரமா நின்னுக்கிறேன்.

ஆளு தெரியலையா? முடி போயிருச்சு, தொந்தி வந்துருச்சு. எடது தோளப் பாருங்க. ஒரு பக்கமா எறங்கிக் கெடக்குல்ல, அது நீங்க ஒடச்சது. ஆங். அருள்பாண்டிதான். ஒங்க கேசுல ரெண்டாம் சாட்சி.

கத்திய அப்பிடி அழுத்திப் பிடிக்கிறீங்க. பரவால்ல. காளவாசல்ல வாடிப்பட்டி பஸ்ஸுக்கு நிக்கிறப்பவே நெனச்சேன். பதினாலு வருசம் உள்ள இருந்துட்டு வந்த மனுசன், இப்பக் கறிக்கட வச்சிருக்காரு, அவருகிட்டயே போயி இதப் பேசப் போறோமேன்னு. ஒரு வண்டிய விட்டுட்டேன். அடுத்த வண்டில ஏறிட்டேன். பேசி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கங்க. அப்புறம் என்ன செஞ்சாலும் சரி.

இந்தப் பையா? அறிக்கைண்ணே. சோசலிசத் தொழிலாளர் சங்கம், கொட்டாம்பட்டி கிளை, வருசாந்திர வேலை அறிக்கை. பதினெட்டு இருக்கு. அம்புட்டும் எங்கையெழுத்து. மாநாட்டுல மைக்கப் பிடிச்சுப் படிப்பேன். மொதப் பக்கம் மட்டும் எந்த வருசமும் மாறாது. கேக்குறீங்களா? இரண்டாயிரத்து ஆறு மே தினத்தன்று கல்குவாரி வாசலில் நமது கொடியை ஏற்றும்போது, முதலாளியின் அடியாள் காளை கடப்பாரையால் தாக்கியதில் தோழர் தவசி வீரமரணம் எய்தினார். தோள் எலும்பு முறிந்த நிலையிலும் தோழர் அருள்பாண்டி கம்பத்தைக் கைவிடவில்லை. கொடிக்கம்பம் கடைசி வரை சாயவே இல்லை. அம்புட்டுத்தான். எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் நிப்போம். சில பொம்பளைக அழுவாங்க. நானும் தலயக் குனிஞ்சுக்கிட்டு நிப்பேன்.

அந்தக்கா எம்புட்டு நேரமா நிக்கிது பாருங்க, ஈரல் கேக்குது. போட்டு அனுப்புங்க. நான் எங்க போகப் போறேன்.

போயிருச்சா? சரி.

அந்த மே தினத்தன்னிக்கு நாங்க பதினோரு பேருண்ணே. தவசியச் சேத்து. அவன் போனதும் பத்து. மறு வருசம் அறிக்கைல எழுதுறேன், நாப்பத்திமூணு பேருன்னு. ஒரு சாவுல நாலு மடங்கு. வீடு வீடாப் போயி அந்தக் கதையத்தான் சொன்னோம். கேட்டுட்டு எவனும் சும்மா உக்காரல. குவாரி டிப்பர் ரெண்டக் கொளுத்துனாங்க. போலீசு வந்து பொம்பளைகளக் கூட விடல, கெண்டக்கால்லயே அடிச்சான். தவசி பொண்டாட்டி மலையம்மாளுக்கு அதுல முட்டி போச்சு, இன்னிக்கும் தாங்கித்தாங்கித்தான் நடக்கும். அந்த வருசக் கூலி அறுவது ரூவா ஏறுச்சு. அறிக்கைல அத எழுதுனேன், முட்டிய எழுதல.

மூணாவது வருசம் லோடு ஏத்துறவங்க எல்லாரும் நம்ம சங்கத்துக்கு வந்துட்டாங்க. நாலாவது வருசம் ஹைவேயில லாரி மறியல். நிக்காமப் போன டிரைவரு ஒருத்தன எறக்கி நம்ம ஆளுக தாடைய ஒடச்சுட்டாங்க. பல்லு மூணு ரோட்டுல கெடந்துச்சு. இந்தா, இந்தப் பக்கத்துல எழுதியிருக்கேன் பாருங்க, மறியல் மிகுந்த எழுச்சியுடன் நடந்தது. இதுவும் நான் எழுதுனதுதான்.

அந்தப் பக்கத்தத் திருப்பாதீங்க. சரி, திருப்புங்க. அதச் சொல்லாமப் போனா வந்ததுல அர்த்தமில்ல. ஏழாவது வருசம். மக்களின் தன்னெழுச்சியான கோபம் கொலையாளியின் உறவினர் வீட்டின் மீது திரும்பியதுன்னு ஒரு வரி. ஒங்க தங்கச்சி வீடுண்ணே அது. தன்னெழுச்சியாவது ஒண்ணாவது, சீமெண்ணெ கேனு நம்ம ஆபீசுலருந்துதான் போச்சு. கூர எரிஞ்சு உத்தரம் விழுந்து ஒங்க தங்கச்சிக்கு முதுகு வெந்துருச்சு. அதுக்குப் பொறகுதான் ஊரக் காலி பண்ணி இங்கிட்டு வந்துச்சாம், நீங்க வெளிய வந்து இங்கயே கடயப் போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த வருசந்தான் குவாரி ஆளுகளுக்கு பி.எஃப். வாங்கிக் குடுத்தோம். ஒங்கம்மா செத்ததும் அந்த வருசந்தான்னு அப்ப எனக்குத் தெரியாது. ஒரு நாளு பரோல்ல வெலங்கோட வந்து கொள்ளி வச்சீங்களாமே. கிளையின் சிறப்பான ஆண்டுன்னு முடிச்சிருக்கேன்.

பொய்யின்னு சொல்லலண்ணே. கூலி ஏறுனது நெசம். கல்லொடைக்கிற கிரஷருக்குள்ள கையி போனவனுக்கு நஷ்டஈடு வாங்குனது நெசம். புள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வேன் வந்தது நெசம். இன்னிக்கு எழுநூத்தி நாப்பது பேரு. அம்புட்டும் அந்த மொதப் பக்கத்து மேல நிக்கிது. அதான் என் வயித்தெரிச்சலே.

எப்பலருந்து சந்தேகம்னு கேக்குறீங்க. கோர்ட்டுலயே வந்துருச்சு. நீங்க கூண்டுல நிக்கிறீங்க. தவசி ஆறடி. பனமரம்னுதான் கூப்புடுவோம். நீங்க தப்பா எடுத்துக்கிறாதீங்க, அஞ்சடி ரெண்டங்குலம் இருப்பீங்களா? டாக்டரு சொல்றாரு, காயம் உச்சந்தலையில, மேலருந்து நேரா எறங்குன ஒரே அடின்னு. நான் ஒங்களப் பாக்குறேன், டாக்டரப் பாக்குறேன். இந்தக் கையி அந்த உச்சிக்கு எட்டுமான்னு. நீங்க கத்துனீங்க. ஐயா நான் இந்த ஆளு தோள்ல ஒண்ணு போட்டேன், அம்புட்டுத்தான், கம்பந்தான்யா அவன் மேல விழுந்துச்சுன்னு. நம்ம ஆளுக சிரிச்சாங்க. நானும் சிரிச்சேண்ணே. சிரிச்சுட்டு, கூண்டேறி, காளை அடிச்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொன்னேன்.

நான் எதையும் பாக்கல. அதான் நெசம்.

எனக்கு நெனப்பு இருக்குற மட்டும் சொல்றேன். காலைல ஒம்பது மணி. குவாரி கேட்டுக்கு முன்னாடி குழி வெட்டி கம்பத்த நிமித்திட்டோம். இருவத்தஞ்சடி இரும்புக் குழா. குழி மூடல, அப்பிடியே நின்னுக்கிட்டு இருக்கு. அடியில பிடிச்சிருந்தது ரெண்டு பேரு, நானும் கிளைச் செயலாளரு உக்கிரபாண்டியண்ணனும். எட்டடி தள்ளி தவசி சிமிட்டிக் கலவை குழைக்கிறான். ஒங்க ஜீப்பு வந்துச்சு. அஞ்சு பேரு எறங்குனீங்க. மொத அடியில உக்கிரபாண்டியண்ணனுக்கு மூக்கு ஒடஞ்சு அவரு மண்ணுல விழுந்துட்டாரு. நம்ம ஆளு ஒருத்தன் மம்பட்டியால ஒங்காளு முட்டியப் பொளந்தான், எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. ஒரே கத்தல், தூசி. கம்பத்துல நான் ஒத்தையா. தவசி எந்திரிச்சு ரெண்டு கையயும் விரிச்சு மறிக்கிறான். நீங்க கடப்பாரைய ஓங்கிக்கிட்டு நேரா என்கிட்ட வர்றீங்க. அதுக்கப்புறம் என்னடான்னா, கையி ரெண்டும் லேசா இருக்கு. பஞ்சு மாதிரி. அப்புறந்தான் வலி. அப்புறம் ஒண்ணுமில்ல.

பெரிய ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சா, மூக்குல கட்டுப் போட்டுக்கிட்டு உக்கிரபாண்டியண்ணன் பக்கத்துல உக்காந்துருக்காரு. தவசி போயிட்டான் மாப்ள, காளைதான் மண்டையில போட்டான், நீ மட்டும் கம்பத்த விடவே இல்ல மாப்ளங்கிறாரு. அப்பிடியான்னு கேட்டேன். அப்பிடித்தான்னாரு. பெத்த தாயி கணக்கா வாயில கஞ்சி ஊத்துனாரு. நான் எதக் கேள்வி கேக்குறது? அடுத்த சங்கத் தேர்தல்ல என்னையச் செயலாளரா ஆக்குனாங்க. கம்பத்த விடாதவன்ல.

ஒரு வேடிக்க சொல்றேன். ஒவ்வொரு மே தினமும் மலையம்மாள்தான் கொடியேத்தும். கொடி சரசரன்னு ஏறும், எட்டடி வந்ததும் டக்குன்னு சிக்கிக்கிரும். இழுத்தா வராது. ரெண்டு தட்டுத் தட்டணும். அந்த எடத்துல கம்பத்துல ஒரு நெளிசல். கடக்காரன் ஏமாத்திட்டான்னு நாங்க கேலி பேசுவோம். மலையம்மாள் ஒரு தடவ சொல்லிச்சு, எம்புருசந்தேன் அங்கன பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குறாருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் சிரிச்சுச்சு. நான் மட்டும் அந்த நெளிசலையே பாத்துக்கிட்டு நின்னேன்.

ஏன்னா அந்தக் குழாய வாங்குனது நானுண்ணே. இரும்புக் கடயில சிமிட்டித் தரையில உருட்டி உருட்டிப் பாத்து, நூல் பிடிச்ச மாதிரி இருக்குன்னுதான் எடுத்தேன். நெளிசல் எப்பிடி வரும்? சாயவே சாயாத கம்பம்ல அது. எழுதியிருக்கோம்ல.

கேக்கல. யாருகிட்டயும். வருசா வருசம் அதுக்கு மேல செவப்புப் பெயிண்டு அடிச்சேன்.

இந்த வருசம் எவர்சில்வர் கம்பம் நடணும்னு தீர்மானம். போன வாரம் பழசப் புடுங்குனோம். கீழ படுக்கப்போட்டு, எட்டடியில பெயிண்டச் சொரண்டுனேன். தோலு தோலா வருது. அடியில, இரும்பு உள்வாங்கி, மேல ஒரு கீறலு. கருங்கல்லுல மோதுனாத்தான் அப்பிடி விழும். கேட்டுக்கிட்ட ஒரு குத்துக்கல்லு கெடக்கும்ல, குழியிலருந்து எட்டடி தள்ளி, தவசி கலவை குழைச்ச எடத்துல? போயி அதையும் தடவிப் பாத்தேன். சரி, அத விடுங்க. அந்தத் துண்ட அறுத்து எடுத்துட்டேன். இந்தா. அறிக்கைக்கு அடியில வச்சுக் கொண்டாந்தேன். பயப்படாதீங்க, வச்சு அடிக்க மாட்டேன். தொட்டுப் பாருங்க. ரத்தக் கையோடயே தொடுங்க, பரவால்ல.

அதத் துண்டுல சுத்திக்கிட்டு உக்கிரபாண்டியண்ணன் வீட்டுக்குப் போனேன். வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துருச்சு, படுத்த படுக்க. பேச்சு மட்டும் அப்பிடியே இருக்கு. நல்ல கம்பத்தப் போயி எவண்டா அறுத்தான்னு ஏசுனாரு. நெளிசலக் காட்டுனேன். கண்ண மூடிக்கிட்டாரு. மூடுன கண்ணத் தொறக்காமயே சொல்றாரு, மாப்ள, அன்னிக்கு நாம பதினோரு பேரு. நம்ம கம்பம் சாஞ்சு நம்ம ஆளே செத்தான்னு சொல்லியிருந்தா மறுநா எத்தன பேரு இருந்துருப்பான்? ஒரு சாவுன்னா அதுக்கு ஒரு ஆளு வேணும்லங்கிறாரு. அந்த ஆளு பதினாலு வருசம் கெடந்தாரேண்ணேன்னு கேட்டேன். அவன் மட்டும் பூமாலையோடயா வந்தான், கடப்பாரையோடல்ல வந்தான்னாரு.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்கும் அந்தப் பதிலு அப்ப வசதியாத்தான் இருந்துச்சு.

எங்க அறிக்கைல கடைசியா ஒரு பகுதி உண்டு, சுயவிமர்சனம்னு. எழுதாம அறிக்கைய ஏத்துக்க மாட்டாங்க. பதினெட்டு வருசமா என்ன எழுதுனேன்? பத்திரிகைச் சந்தா சேர்ப்பதில் சுணக்கம். கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை. இந்த ஞாயித்துக்கெழம அதுல வேற எழுதிப் படிக்கப் போறேன், எழுநூத்தி நாப்பது பேரு முன்னாடி. மொத வரிசையில மலையம்மாள் உக்காந்திருக்கும். கொல்லுவாங்களோ, தூக்கி எறிவாங்களோ, வக்கீலக் கூட்டிக்கிட்டு ஒங்க பேர எடுக்க நாம கோர்ட்டுக்குப் போற மாதிரி ஆகுமோ, தெரியல. என்ன எழுதுறதுன்னுகூட அன்னிக்கு அவரு கட்டில் பக்கத்துல உக்காந்திருக்கப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். காளை அடித்த அடியில் கம்பம் கை நழுவியது. பாதி ஒங்க மேல, பாதி என் மேல. நாயமாத்தான் தெரிஞ்சுச்சு. நானும் தல நிமிந்து நிக்கலாம்.

எந்திரிச்சு வாசலுக்கு வந்து செருப்பக் கூட மாட்டிட்டேன். அப்பப் பாத்து கையி லேசாச்சு. ரெண்டு கையும். பஞ்சு மாதிரி. அன்னிக்கும் இதான் மொத வந்துச்சு, வலி அப்புறந்தான்.

அந்த நேரத்துல என்னைய நேருக்கு நேரா பாத்தது ரெண்டே பேரு. மண்ணுல கெடந்து பாத்த அவரு ஒண்ணு. இன்னொண்ணு நீங்க. கோர்ட்டுல கம்பம் விழுந்துச்சுன்னீங்க, எப்ப விழுந்துச்சுன்னு யாரும் ஒங்களக் கேக்கல. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு திரும்பப் போயி கட்டில் ஓரத்துல உக்காந்தேன். அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. நான் கேட்டேன், அண்ணே, காளை கடப்பாரை என் தோள்ல விழுறதுக்கு முன்னாடியே நான் கம்பத்த விட்டுட்டேன்ல?