சரியான விடைக்கு ஒரு வெடி

"ஹலோ... ஹலோ... ஹரிபிரசாத்தா? ஏலே, மாமா பேசுறேன். நீ செஞ்சு குடுத்த அந்தப் படிப்பு ஆப்பை நாளையோட நிப்பாட்டப் போறேன்... ஆமா... ஆமாலே, நிப்பாட்டத்தான். டீச்சரை வரச்சொல்லி எதுக்க உக்கார வச்சிருக்கேன். அவுககிட்டச் சொல்லுறதுக்கு முந்தி உனக்கு ஒரு வார்த்தை சொல்லிருவோம்னு கூப்பிட்டேன்."

மேசைக்கு எதிரே வேல்விழி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சேர்த்தே சொல்லியாகிவிட்டது என்பது நல்லசிவத்துக்குத் தோன்றவில்லை.

அவருடைய பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், பள்ளி விட்டு வந்ததும், பெற்றோர் திரும்பும்வரை வீட்டிலிருந்தபடி போனில் பாடம் படிக்கட்டும் என்பது அவர் யோசனை. சென்னையிலிருக்கும் தங்கை மகன் அதை வடிவமைத்துக் கொடுத்தான். வேல்விழி வீடியோவில் பாடம் நடத்தினாள். பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி. விடையைத் தொட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். விடை சரியாக இருந்தால் திரையில் வெடி வெடிக்கும். வெடியும் அவர் யோசனைதான்.

"எங்க படிக்குதுக?... வீடியோவெல்லாம் ஒழுங்காப் பாக்குதுக. அதுல குத்தம் சொல்ல முடியாது. கேள்வின்னு வந்துட்டா அம்புட்டும் தப்பு. அரை இட்லியும் அரை இட்லியும் சேந்தா எம்புட்டுன்னு கேட்டா மூணுங்குதுக... ஏன்லே சிரிக்கே? நாளைக்குக் கல்யாண மண்டபத்துல நடக்குற மொதலாளிமாரு சங்கத்துக் கூட்டத்துல பெரிய டிவியில போட்டுக் காட்டுறேன்னு சொல்லி வச்சிருக்கேன். டிவி, ஸ்பீக்கர் எல்லாம் வந்து இங்கன ஆபீஸ்ல நிக்குது. எதைக் காட்ட? இந்தச் சனத்துக்குப் படிப்பு ஏறாதுன்னு காட்டவா?"

வேல்விழி சன்னல் பக்கம் பார்த்தாள்.

"என்னது... உனக்கு அங்கன இருந்தே தெரியுதா?... மொதல்ல சரியான விடையத் தொடுதுகளா?... தொட்டுட்டு?... அனுப்புறதுக்கு முந்தி மாத்துதுகளா? எல்லாப் பிள்ளைகளுமா?... ஏலே, கையில கெடச்ச சரியான விடைய எவனாவது தூக்கிப் போட்டுட்டு தப்பை எடுப்பானா?... எனக்கு எப்படித் தெரியும்? இரு, டீச்சரம்மாவக் கேப்போம்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார். வேல்விழி சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். கேட்டு முடித்தபின் அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன்... மொத நாளு எல்லாப் பிள்ளையும் சரியாத்தான் போட்டுச்சாம். ஒரே நேரத்துல. தெரு பூரா வீட்டுக்கு வீடு வெடிச் சத்தம்... அதேதான். கம்பெனி வெடிச்சிருச்சுன்னு தெருவே கேட்டுக்கு ஓடியாந்திருக்கு... பின்னே, அவுக வீட்டுப் பொம்பளைக உள்ள வேலை பாக்காகல்ல... ஆமா, வந்தாக. நானே பாத்தேன்... நானா? நான் போனஸ் கேட்டு வாராகன்னு நெனச்சேன்... ஆமாலே, கேட்டைப் பூட்டச் சொன்னேன்! சீசன் நேரம். நீயா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பே."

மின்விசிறி சுற்றியது. அவருக்கு வியர்த்தது.

"அன்னைக்கே பிள்ளைக கூடிப் பேசி முடிவு பண்ணிருச்சுகளாம். தெரியும்னு காட்ட ஒரு தொடு. வெடிக்காம இருக்க ஒரு தொடு... ஏன் எங்கிட்டச் சொல்லலையா? சொல்லத்தான் வந்தாகளாம் டீச்சரு. கேட்டு பூட்டியிருந்துச்சாம்... அப்புறம் மேனேஜர்ட்டச் சொல்லியிருக்காக. மொதலாளி பதிஞ்ச சத்தம், அவர்ட்டப் போயி நான் சொல்ல மாட்டேன்னுட்டானாம்."

வேல்விழி தலையை ஆட்டினாள்.

"எதை எடுக்க? வெடியவா?... ஏலே, அது நம்ம கம்பெனி அணுகுண்டு. நானே நின்னு பதிஞ்சது... மணிச் சத்தமா? மணி எந்தக் கம்பெனிச் சரக்கு? நான் மணிக்கு விளம்பரம் பண்ணவா?... புஸ்வாணமா... அதுல சத்தம் ஏது, நம்ம சரக்குன்னு எவனுக்குத் தெரியும்?... சரி, சரி, சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சு வையி... அட, இங்கன யாருக்கும் பயமெல்லாம் இல்லலே. காலையில இருந்து சாயந்தரம் வரை அதைத்தானே செய்யுதாக. தன் கையால செஞ்சதைப் பாத்து எவனாச்சும் பயப்படுவானா? இரு, இப்பவே பாத்துருவோம்."

மேசையிலிருந்த டேப்லெட்டை இழுத்தார். நாளைக் கூட்டத்துக்காகச் சரிபார்த்து வைத்தபடி அது பெரிய டிவியோடு சேர்ந்தே இருந்தது. திரையில் இட்லிக் கேள்வி நின்றது. வேல்விழி எழுந்து கையை நீட்டினாள். அதற்குள் அவர் ஒன்று என்ற விடையைத் தொட்டு, அனுப்பும் பொத்தானையும் அழுத்திவிட்டார்.

அணுகுண்டு வெடித்தது. ஸ்பீக்கரின் சத்தம் கல்யாண மண்டபத்துக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருந்தது.

விரல் வைத்தது தான்தான் என்பது நல்லசிவத்துக்கு மறந்துபோனது. சன்னலுக்கு ஓடி, எந்த அறையிலிருந்து புகை வருகிறது என்று பார்த்தார். புகை எங்கும் இல்லை. வேலை அறைகளிலிருந்து பெண்கள் வெளியே பாய்ந்து, வெறுங்காலோடு வேலியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. வெடிமருந்து படிந்த கைகளை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்தபடி ஓடினார்கள்.

வேல்விழி டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டு வெளியே ஓடினாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவள் கத்துவது கேட்டது.

போன் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"ஹலோ... ஆமா... இருக்கேன்லே... ஒண்ணுமில்ல, டிவிதான்... சத்தியமா டிவிதான்... ஓடுதாக. எல்லாரும் ஓடுதாக... எனக்கா? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்... குரலுக்கு என்ன? நல்லாத்தானே பேசுறேன்."

சன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துரு ஹரி... வெடியத்தான். இன்னைக்கே எடுத்துரு... மணியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். சரின்னு எழுத்துல வந்தாப் போதும்... நிப்பாட்டுறேன்னு யாரு சொன்னா?... நான் சொன்னேனா? சரி, சொன்னேன். இப்ப இல்லைங்கேன்... நாளைக்கு டீச்சரே மேடையில வந்து பேசட்டும்... ஆமா, ஆமா... இரு, இன்னொரு போன் வருது. உங்கத்தைதான். கம்பெனி வெடிச்சிருச்சுன்னு யாரோ அதுக்குள்ள வீட்டுக்குச் சொல்லிட்டாக... அப்புறம் பேசுவோம்லே... வையி... வையிங்கேன்ல. நான் எடுக்குற வரைக்கும் அவளுக்கு நான் செத்தவன்."